நாத்தனார் முடிச்சு

அவர் வாசற்படி ஏறுவதற்கு முன்பே நாற்றம் ஏறிவிடும். கேலியாகச் சொல்லவில்லை, அவரே தன்னைப் பற்றி அப்படித்தான் சொல்லுவார். தஞ்சாவூரில் ஒரு சிறிய காது மூக்கு தொண்டை மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியனாக எனக்கு முதல் வேலை. சேர்ந்த புதிதில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வெளியே காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போவதைப் பார்த்தேன். ஒருவருக்குப் போன் வந்தது. ஒருவருக்குத் தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டியிருந்தது. ஒரு அம்மா குழந்தைக்கு வேடிக்கை காட்டக் கிளம்பினார். காலியான நாற்காலிகளுக்கு நடுவில், மின்விசிறிக்கு நேர் கீழே, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தி. மடியில் மஞ்சள் பை.

நான் போய், "அக்கா, ஜன்னல் பக்கம் உக்காந்தீங்கன்னா காத்து நல்லா வரும்" என்றேன்.

"எனக்கா, அவங்களுக்கா?"

நான் ஜன்னல் கதவைத் திறக்கப் போனேன்.

"ஃபேனுக்கு அடியில உக்காந்தாத்தான் பாப்பா எல்லாருக்கும் சமமாப் பிரியும். சன்னல்கிட்ட உக்காந்தா அந்தப் பக்கத்து ஆளு மட்டும் சாவான். அது நியாயமா?"

இப்படித்தான் பழக்கமானோம். நான் அங்கே வேலை பார்த்த காலம் முழுக்க அவர் ஓரிடத்தில்கூட ஒதுங்கி நின்று நான் பார்த்ததில்லை. முந்தானையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டதும் இல்லை. அந்த நோய் உள்ள மற்றவர்களையும் பார்த்திருக்கிறேன். கைக்குட்டையோடு வருவார்கள், சுவரைப் பார்த்து உட்காருவார்கள், வாய் திறந்து பேசக் கூசுவார்கள். இவர் உரக்கப் பேசுவார்.

மூக்கின் உட்சவ்வு சுருங்கி வற்றிப்போகிற நோய் அது. மூக்குக்காக வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அடைப்புதான் தொந்தரவு. இதில் நேர் எதிர். உள்ளே இடம் மிகுதியாகிவிடும். குகைபோல விரிந்த மூக்குக்குள் காற்று தடையில்லாமல் போய் வந்து, மிச்சமிருக்கும் ஈரத்தையும் உலர்த்தும். சளி பச்சையும் கருப்புமாகப் பொருக்குக் கட்டி ஒட்டிக்கொள்ளும். நாற்றம் அதிலிருந்து வருவது. முகர்கிற நரம்புகளும் சேர்ந்தே கெட்டுவிடுவதால் நோயாளிக்கு மட்டும் அது தெரியாது. பேருந்தில், சந்தையில், சொந்த வீட்டில் இருக்கிற மற்ற எல்லாருக்கும் தெரியும்.

சமையல் சோடா, வெண்காரம், உப்பு மூன்றையும் வெதுவெதுப்பான நீரில் கலந்து வீட்டில் தினமும் அவரே கழுவிக்கொள்வார். ஆழத்தில் ஒட்டியிருப்பதை எடுக்கத்தான் எங்களிடம் வருவார். கிண்ணம், பீச்சுக்குழல், வளைந்த இடுக்கி, பஞ்சு, தலைவிளக்கு எல்லாவற்றையும் நான் எடுத்து வைக்க, டாக்டரம்மா பொருக்கைப் பிய்த்து எடுப்பார். இரத்தம் வரும். கண்ணில் நீர் வழியும். அது அழுகை இல்லை என்று அவர் முன்கூட்டியே அறிவித்துவிடுவார். "கண்ணுல தண்ணி வருது, அவ்வளவுதான். அழுதேன்னு எழுதிடாதீங்க."

"அதெல்லாம் எழுத மாட்டோம்மா, அசையாம இரு" என்பார் டாக்டரம்மா.

"உங்க மூஞ்சிதான் எனக்கு மூக்கு" என்று எல்லாரிடமும் சொல்வார். எதிரே வருகிறவரின் மூக்கு நுனி எவ்வளவு சுருங்குகிறது, எவ்வளவு சீக்கிரம் திரும்பிக்கொள்கிறார் என்பதை வைத்து அன்றைய நிலவரத்தைத் தெரிந்துகொள்வார். என் முகம் அவருக்கு உதவவில்லை. தியேட்டரில் எதைப் பார்த்தாலும் முகத்தில் காட்டக்கூடாது என்பது எங்கள் பயிற்சி.

"நீ கெட்டுப்போன தராசு பாப்பா. எதைத் தூக்கி வச்சாலும் முள்ளு அசைய மாட்டேங்குது."

அதனால் நான் வாயால் சொல்ல வேண்டியதாயிற்று.

"போன வாரத்துக்கு இப்ப கொஞ்சம் குறைச்சல்க்கா."

"எவ்வளவு குறைச்சல்?"

"கதவு வரைக்கும் வருது. வராண்டாவுக்குப் போகலை."

"அது பரவாயில்ல. வராண்டாவுல கூட்டம் ஜாஸ்தி."

ஒரத்தநாட்டுக்கு அந்தப் பக்கம் அவர் ஊர். அப்பாவும் அம்மாவும் சீக்கிரமே போய்விட்டார்கள். சொந்த நிலம் கொஞ்சம், குத்தகைக்கு எடுத்தது கொஞ்சம் என்று தனியாக விவசாயம் பார்த்தார். தம்பியைப் படிக்கவைத்தார். பாலிடெக்னிக் முடித்த தம்பி சிங்கப்பூரில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். நடவுக் காலத்தில் அக்கா மற்றவர் வயலுக்கும் போவார். அவர்கள் இவர் வயலுக்கு வருவார்கள். வரிசையாக நின்று நடும்போது, காற்று போகிற பக்கத்துக் கடைசியில் போய் நிற்கும்படி ஒருமுறை அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கதையை அவர் வாயால் கேட்க வேண்டும்.

"நான் நடுவுலதான் நின்னேன். காத்து மாறுறப்பல்லாம் நீங்க எடம் மாறிக்கங்கடி, நான் நகர மாட்டேன்னேன். காலைலேர்ந்து இந்தப் பக்கம் ரெண்டு பேரு அந்தப் பக்கம் ஓடுறதும், அந்தப் பக்கம் ரெண்டு பேரு இந்தப் பக்கம் ஓடுறதும். நாத்து முடியை வச்சிட்டு நான் பாட்டுக்கு நட்டுக்கிட்டிருக்கேன். மத்தியானத்துக்குள்ள எல்லாருக்கும் அலுத்துப்போச்சு. அப்புறம் யாரும் ஓடலை."

"நாத்தம்?"

"அது எங்க போவும்? இருந்துச்சு. மூக்கு பழகிடும் பாப்பா. மனசுதான் லேட்டாப் பழகும்."

கோயில்களுக்கும் போய்வந்தவர்தான். வேளாங்கண்ணியில் மணலில் முட்டிபோட்டு நடந்திருக்கிறார். நாகூரில் படுத்திருக்கிறார். "அங்கல்லாம் யாரும் என்னைத் தள்ளிப் போன்னு சொல்லலை. அதுவே பெரிய விஷயம்" என்பார். நோய் அப்படியேதான் இருந்தது. அதற்காக எந்தச் சாமியையும் அவர் குறை சொல்லிக் கேட்டதில்லை. மனிதர்களைத்தான் சொல்வார், அதுவும் பெயர் சொல்லி.

திருமணம் ஆனவர். மன்னார்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அதைப் பற்றி நானாகக் கேட்கவில்லை. பொருக்கு ஊறுவதற்காக மூக்கில் சொட்டு மருந்து விட்டுப் படுக்கவைத்திருந்த ஒரு நாளில் அவரே கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கல்யாணத்தன்னிக்கு யாருக்கும் தெரியலை. மல்லிப்பூவும் ரோசாவும் காப்பாத்திடுச்சு. மறுநா மாலை வாடிடுச்சு, நான் வாடலை. அதான் பிரச்சினை. கொஞ்ச நாள் கழிச்சு மாட்டுக் கொட்டாய்ப் பக்கத்துல படுக்கச் சொன்னாங்க. மாடு ஒண்ணும் சொல்லலை, நல்ல மாடு. ஆனா நான் மாடு இல்லையே. ஊர்ல, அனுப்பிட்டாங்கன்னு பேசிக்குவாங்க. யாரும் அனுப்பலை. நான் வந்தேன். மத்தியானம், பஸ் ஸ்டாண்டுல கூட்டம் இருக்கற நேரமாப் பாத்து, பொட்டியோட வந்தேன். பாக்கறவங்க பாத்துக்கட்டும்னு."

இதற்கு அறுவை சிகிச்சை உண்டு. வந்த முதல் நாளிலேயே டாக்டரம்மா எடுத்துச் சொல்லியிருக்கிறார். மூக்குத் துவாரத்தின் உள்விளிம்பில் தோலைச் சுற்றிலும் கிளப்பி, திரைபோல இழுத்து, நடுவில் சேர்த்துத் தைத்துவிடுவது. துவாரம் மூடிவிடும். உள்ளே காற்றோட்டம் நின்றால் வற்றிய சவ்வு மெல்லத் தேறும். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் மூடியே வைத்திருந்து பிறகு திறப்பார்கள். அக்கா அதைக் கேட்டுவிட்டு, "நாத்தம் உங்களுக்குத்தானே அடிக்குது? எனக்கு எதுக்குக் கத்தி?" என்று சொல்லிவிட்டாராம். டாக்டரம்மா அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அப்படிப்பட்டவர், குறுவை அறுப்பு முடிந்த கையோடு ஒருநாள் வந்து உட்கார்ந்து, "டாக்டரம்மா, மூக்கை மூடிடுங்க" என்றார்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "என்னாச்சு?"

"தம்பிக்குக் கல்யாணம். தையில."

"சந்தோஷம். அதுக்கும் மூக்குக்கும் என்ன?"

தாலி கட்டும்போது மாப்பிள்ளை போடுவது ஒரு முடிச்சு. மற்ற இரண்டையும் அவனுடைய அக்காவோ தங்கையோ போட வேண்டும். நாத்தனார் முடிச்சு. பெண்ணின் பின்னால், பின்கழுத்தில் மூச்சு படுகிற தூரத்தில் நின்று போட வேண்டும். மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் இவர் ஒருத்திதான். ஆனால் கல்யாணத்தை முன்நின்று நடத்துவது பெரியம்மா. தன் மகளை அந்த முடிச்சைப் போடவைக்கப் போவதாக அவர் சொல்லிவிட்டார்.

"பொண்ணு நாத்தத்துல மயங்கி விழுந்துட்டா என்னடி பண்றதுங்குது பெரியம்மா. சபையில மாப்பிள்ள வீட்டு மானம் போயிடுமாம். தம்பிக்குப் போன் போட்டேன். பெரியவங்க சொல்றபடி பாத்துக்கலாம்க்காங்குறான்."

அவர் தோற்றுப்போய் வந்திருப்பதாகவே நான் நினைத்தேன். டாக்டரம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். குரலைத் தணித்து, "அவங்க சொல்றாங்கன்னு நீ கத்தி வச்சுக்க வேணாம்மா. உனக்கு வேணும்னா பண்ணிக்க" என்றார்.

"அவங்களுக்காக இல்ல டாக்டரம்மா. அவங்க கையில ஒரு சாக்கு இருக்கு. அதைப் புடுங்கணும்."

டாக்டரம்மா ஒரு தாளில் மூக்கை வரைந்து விளக்கினார். வழக்கமாக ஒரு பக்கம் மூடி, சில மாதம் விட்டுத்தான் மறுபக்கம். அப்போதுதான் மூச்சுவிட ஒரு வழி இருக்கும்.

"ஒரு பக்கம் மூடினா, இன்னொரு பக்கம் நாறுமா?"

"நாறும்."

"அப்ப ரெண்டையும் மூடுங்க."

"மூச்சுக்கு என்ன பண்ணுவ?"

"வாயால விட்டுக்கறேன். வாய் எனக்கு நல்லாத்தான் இருக்கு."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. கடைசியில் இரண்டு பக்கமும் மூடுவது, ஆனால் ஒவ்வொன்றிலும் ஊசித் துளையைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு ஓட்டை விட்டுவைப்பது என்று முடிவானது. மூடிய மூக்குக்குள் என்ன நடக்கும் என்பதை டாக்டரம்மா அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னார். தண்ணீர் வராத வயலில் வெயிலும் காற்றும் அடித்தால் மண் வெடித்துப் போகிறது இல்லையா, அப்படித்தான் இதுவும். வழியை அடைத்தால் ஈரம் தங்கும்.

"மடையை அடைக்கிறீங்க. அவ்வளவுதானே. இதை அன்னிக்கே இப்படிச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா பண்ணியிருப்பியா?"

"மாட்டேன்."

அறுவைக்கு முன் மூக்கு முழுவதும் சுத்தமாக இருக்க வேண்டும். அதற்காக வார்டில் சேர்த்து பல நாள் தொடர்ந்து கழுவினோம். வார்டு சிஸ்டர் மூலையில் ஒரு கட்டில் ஒதுக்கியிருந்தார். அடுத்த நாள் காலை நான் போனபோது கட்டில் நடுவில் கிடந்தது. யார் இழுத்தது என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் காது அறுவைக்கு வந்த ஒரு ஆச்சி, தலையில் கட்டோடு, "எனக்கு ஒண்ணும் இல்ல, நான் கருவாடு விக்கிறவ" என்றார். இரண்டு பேரும் வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அறுவையன்று மூக்குத்தியைக் கழற்றச் சொன்னோம். அதற்கு மட்டும் முகம் சுளித்தார். வயதுக்கு வந்தபோது அம்மா போட்டுவிட்டது, அதன்பிறகு கழற்றியதே இல்லை என்றார். திருகு இறுகிப் போயிருந்தது. தேங்காயெண்ணெய் விட்டு நான்தான் எடுத்தேன்.

"திரும்பப் போட்டுக்கலாம்ல?"

"தையல் ஆறினதும் போட்டுக்கலாம்க்கா."

"போட்டுத்தான் ஆவணும். கடையைத்தான் மூடப்போறீங்க. போர்டாவது தொங்கட்டும்."

தியேட்டரில் என் வேலையைப் பற்றி எழுத அதிகம் இல்லை. கருவிகளை வரிசையில் வைத்தேன், கேட்டதைக் கேட்ட நேரத்தில் கொடுத்தேன். மூக்குத் துவாரத்தின் தோல் மிக மெல்லியது; கிளப்பும்போது கிழிந்தால் தைக்க ஒன்றும் மிஞ்சாது. மூக்குத்தித் துளை இருந்த இடது பக்கத்தில் டாக்டரம்மா நெடுநேரம் எடுத்துக்கொண்டார். கண்ணாடித்தாளைப் போலிருந்த அந்தத் தோலைச் சுற்றிலும் பிரித்து, நடுவில் கூட்டி, முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டு வந்தார். கடைசி நூலை வெட்டியபோது, அந்த முகம் எனக்குச் சட்டென்று அந்நியமாகத் தெரிந்தது. கதவு சாத்திய வீட்டைப் பார்ப்பது போல இருந்தது.

முதல் சில வாரங்கள் சிரமப்பட்டார். தூக்கத்தில் வாய் உலர்ந்து எழுந்துவிடுவார். மென்றுகொண்டே மூச்சுவிட முடியாது. ஒரு வாய் சாப்பிட்டு, நிறுத்தி, மூச்சு வாங்கி, அடுத்த வாய். தண்ணீர்ச் சொம்பு எப்போதும் கையருகே இருக்கும். குரல் மாறிவிட்டது. நெடுநாள் சளி பிடித்தவர் மாதிரி மொத்தையாக ஒலித்தது. போனில் பேசினால் எதிர்முனையில் இருப்பவர்கள் உடம்பு சரியில்லையா என்று விசாரிப்பார்கள். "இப்பத்தான் சரியா இருக்கு" என்பார்.

ஓட்டை வழியாக மெல்லிய குழாய்க் கேமராவை விட்டு உள்ளே பார்ப்போம். முதலில் வெளிறிப்போய், காய்ந்து தெரிந்தது. அடுத்தமுறை அங்கங்கே பளபளப்பு. மார்கழியில் ஒருநாள் திரையில் ஈரமான இளஞ்சிவப்பு தெரிந்தது. பொருக்கு மிகக் குறைவு. டாக்டரம்மா திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

அக்கா வாய் வழியாக மூச்சுவிட்டபடி உற்றுப் பார்த்தார். "கன்னுக்குட்டி மூக்கு மாதிரி இருக்கு" என்றார்.

அன்றைக்கு நாற்றம் இல்லை. நான் சொன்னேன். அவர் என்னை நம்பவில்லை. கெட்டுப்போன தராசு பேச்சை எப்படி நம்புவது என்று கேட்டுவிட்டுப் போனார். அடுத்தமுறை வந்ததும் மஞ்சள் பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னார்:

"பஸ்ஸுல பக்கத்துல ஒரு பொண்ணு. கைக்குழந்தைக்காரி. எங்கயோ தூரத்துலேர்ந்து வந்திருக்கும் போல. ஒரத்தநாடு தாண்டறதுக்குள்ள என் தோள்ல சாஞ்சு தூங்கிடுச்சு. ஸ்டாண்டு வர்ற வரைக்கும் தூங்குச்சு. வாயெல்லாம் தொறந்து வச்சிக்கிட்டு, நல்ல தூக்கம். எச்சிகூட வழிஞ்சுது. பாரு." புடவைத் தோளைக் காட்டினார். அங்கே ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் நான் பார்த்தேன்.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு பத்திரிகை கொடுக்க வந்தார். உள்ளே வந்த விதத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. மூக்குத்தி திரும்ப ஏறியிருந்தது. டாக்டரம்மா பத்திரிகையை வாங்கிக்கொண்டு, "முடிச்சு உனக்குத்தானே?" என்று கேட்டார்.

"இல்லையாம்."

"இப்ப என்னவாம்?"

"பெரியம்மா வந்து என் மூஞ்சிகிட்ட மூஞ்சி வச்சு மோந்து பாத்துச்சு டாக்டரம்மா. நாத்தம் இல்லன்னு அதுவே ஒத்துக்கிடுச்சு. ஒத்துக்கிட்டு, உக்காந்து காப்பி குடிச்சிட்டு, அப்புறம் சொல்லுது, வாழாம வந்தவ கை தாலியில படக்கூடாதுன்னு. முன்னாடியே மனசுல இருந்துச்சாம், நாத்தத்தைச் சொன்னா எனக்கு வலிக்காதுன்னு அதைச் சொல்லுச்சாம்."

வெளியே யாருக்கோ டோக்கன் கூப்பிட்டார்கள்.

"மூக்குக்கு உங்ககிட்ட வந்தேன். இதுக்கு எந்த டாக்டர்கிட்ட போறது?"

"தம்பி என்ன சொல்றான்?"

"வந்து எறங்கினதுலேர்ந்து என் மூஞ்சியைப் பாக்க மாட்டேங்குறான். லீவு கம்மிக்கா, சண்டை வேணாம்க்காங்குறான். பந்தியை நான் பாத்துக்கணுமாம். பெரிய பொறுப்பாம்."

டாக்டரம்மா மேஜையைச் சுற்றி வந்து அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "விட்டுடும்மா. எது எப்படியோ, உடம்பு சரியாச்சுல்ல. அதைப் பாரு."

"உடம்புக்காகவா கத்தி வச்சேன்? உடம்புக்குன்னா பத்து வருசம் முன்னாடியே வச்சிருப்பேனே." பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று என்னிடம், "பாப்பா, நீ கட்டாயம் வரணும். முகூர்த்தத்துக்கு முன்னாடியே வந்துடு. சாப்பாட்டு நேரத்துக்கு வராத" என்றார்.

போனேன். ஒரத்தநாட்டில் சாலையோரத்து மண்டபம். வாசலில் வாழைமரம், உள்ளே சிவப்பு நாற்காலிகள், மேடையில் பிளாஸ்டிக் பூவும் நிஜப் பூவும் கலந்த அலங்காரம். இரண்டாவது வரிசையில் இடம் கிடைத்தது. அக்காவைப் பந்தி நடக்கிற பக்கம் தேடினேன்; இல்லை. அரக்குப் பட்டுப் புடவையில் மேடையில் நின்றுகொண்டிருந்தார். மணப்பெண்ணுக்குப் போட்டிருந்த மணையின் பின்னால், பெண் வருவதற்கு முன்பே.

பெண்ணை அழைத்துவந்து உட்காரவைத்தார்கள். அக்கா நகரவில்லை. நகை நிறையப் போட்டிருந்த ஒரு வயதான பெண்மணி பக்கவாட்டுப் படியில் ஏறி அவரிடம் போனார். பெரியம்மாவாகத்தான் இருக்க வேண்டும். சிரித்த முகத்தோடு பேசினார், பற்களுக்கு நடுவே. மேளம் நின்றிருந்த நேரம் என்பதால் எனக்குக் கேட்டது.

"பந்தியில ஆளு இல்ல. போய்ப் பாரு."

"பந்திக்கு இன்னும் நேரம் இருக்கு பெரியம்மா."

"சொன்னாக் காதுல விழலையா?"

"விழுந்துச்சு. மூக்கைத்தான் மூடியிருக்கு."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெரியம்மா சிரித்த முகத்தை மாற்றாமல், "சபையில மானத்தை வாங்காத. எறங்கு கீழ" என்றார்.

"நான் எறங்க மாட்டேன். இழுக்கறதுன்னா இழுங்க. எல்லாரும் பாத்துக்கட்டும்."

பெரியம்மா இழுக்கவில்லை. தன் மகளைக் கூப்பிட்டு அக்காவுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினார். இருபது வயதுப் பெண். தலைநிறையப் பூவோடு அழாத குறையாக நின்றாள். "அக்கா, என்னைத் தப்பா நெனச்சுக்காத. அம்மாதான்..." என்று ஆரம்பித்தாள்.

"உன்னை ஒண்ணும் சொல்லலைடி. இந்தா, அட்சதைத் தட்டைப் பிடி" என்று அவள் இரண்டு கையிலும் தட்டை வைத்தார் அக்கா. அவளும் பிடித்துக்கொண்டாள்.

ஐயர் தாலியை எடுத்துக்கொடுத்தார். கெட்டிமேளம் எழுந்தது. எல்லாரும் எழுந்து நின்றதில் மேடை மறைந்துவிட்டது. நான் நாற்காலிமேல் ஏறினேன். பக்கத்தில் இருந்தவர்களும் ஏறியிருந்தார்கள். தம்பி குனிந்து முதல் முடிச்சைப் போட்டான். நூலின் இரண்டு முனையும் கையில் இருக்க, நிமிர்ந்தான். அக்காவைப் பார்க்கவில்லை. கீழே நின்ற பெரியம்மாவைப் பார்த்தான். பெரியம்மா தலையை அசைத்துத் தன் மகளைக் காட்டினார். மகளின் கையில் தட்டு இருந்தது. அட்சதை மழைபோல விழுந்துகொண்டிருந்தது.

தம்பி நூலைக் கொடுக்கவில்லை. அக்கா எடுத்துக்கொண்டார். அவன் விரல்களிலிருந்து, அவசரமில்லாமல், ஒவ்வொரு முனையாக.

மணப்பெண் திரும்பிப் பார்க்கவில்லை. கையைப் பின்னால் கொண்டுவந்து சடையை எடுத்து ஒரு பக்கமாக முன்னால் போட்டுக்கொண்டு, கழுத்தைக் குனிந்து காட்டினாள். அக்கா குனிந்தார். வாய் திறந்து மூச்சுவிட்டபடி, நிதானமாக இரண்டாவது முடிச்சைப் போட்டார். இழுத்துப் பார்த்தார். மூன்றாவதைப் போட்டார். நிமிர்வதற்கு முன் பெண்ணின் காதருகே ஏதோ சொன்னார். பெண் சட்டென்று சிரித்துவிட்டாள். தாலி கட்டுகிற நேரத்தில் மணப்பெண் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தம்பி குழப்பத்தோடு இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். பெரியம்மா வாய் அசைந்தது. மேளத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் படியிறங்கி வந்தவரைப் பிடித்தேன். வியர்த்திருந்தார். இடுப்பில் செருகியிருந்த சின்ன பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தார், நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினார், மறுபடி குடித்தார்.

"அந்தப் பொண்ணு காதுல என்னக்கா சொன்னீங்க?"

புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். கூட்டத்துக்கு நடுவே, எல்லாருக்கும் கேட்கிற அந்த மொத்தைக் குரலில் சொன்னார்:

"முடிச்சுப் போட்டது நானு. இவன் ஒழுங்கா இல்லேன்னா அவுக்கறதுக்கும் என்னையே கூப்பிடுன்னேன்."

சொல்லிவிட்டுப் பந்தியைப் பார்க்கப் போனார்.